கிளட்ச் தேய்ந்த கோடை

வண்டி இரைந்தது. ஆனால் ஏறவில்லை.

எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் கண்மாய்க் கரையில் ஏறித்தான் ஆக வேண்டும். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் தரையெல்லாம் தட்டை. ஏத்தம் என்று நாங்கள் சொல்வது இந்தக் கரை ஏறுகிற இடத்தைத்தான். மழைக்கு அரித்துப்போய், சரளைக்கல் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பின் சீட்டில் ஈரத்துணி சுற்றிய மல்லிகை மூட்டைகள். கழுத்துக்குப் பின்னால் குளுகுளுவென்று பூ வாசம். நான் ஆக்சிலேட்டரைத் திருகினேன். எஞ்சின் ஓவென்று அலறியது. வண்டி, கூட நடந்து வருகிற ஆள் வேகத்தில் ஊர்ந்தது. இன்னும் திருகினேன். சத்தம்தான் கூடியது.

கரைமேல் ஆடு பத்திக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்தார். "என்னத்தா, வண்டி கோவமா இருக்கா?" என்றார்.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. இறங்கி, முதல் கியரிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு ஏறினேன். கரை உச்சிக்கு வந்து நின்றபோது புடவை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. எங்கிருந்தோ ஒரு கருகல் வாடை வந்தது.

சென்ற வாரம் எங்கள் கிணற்றில் மோட்டார் சிக்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "பூவை யார் சந்தைக்குக் கொண்டு போனார்கள் என்று சொல்லவே இல்லையே, உங்கள் வீட்டுக்காரர் அப்போது ஊரில் இல்லையென்றுதானே எழுதியிருந்தீர்கள்?" என்று கேட்டிருந்தார்.

நான்தான் கொண்டு போனேன். அவருடைய வண்டியில். அது அவருக்கே வெகுநாள் தெரியாது.

இடது தோள்

அந்த வண்டியில்தான் அவர் என்னைப் பெண் பார்க்க வந்தார். மில் வேனுக்கு டிரைவராக இருந்தபோது வாங்கியது. கறுப்பு வண்டி, பெட்ரோல் டேங்கில் சிவப்புக் கோடு. கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளிக்கிழமை திருச்சுழிக் கோயிலுக்கும், எப்போதாவது அருப்புக்கோட்டையில் சினிமாவுக்கும் அதில்தான் போவோம். திரும்பும்போது ஒரு பொட்டலம் காராச்சேவு. அது வீடு வந்து சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

ஊருக்குள் இருக்கிறவரை நான் ஒரு பக்கமாக உட்கார்ந்து பின்கம்பியைப் பிடித்துக்கொள்வேன். கரை தாண்டியதும் கை அவர் தோளுக்குப் போய்விடும். கியர் மாற்றும்போது அவருடைய இடது தோள் லேசாக இறங்கி எழும். கிளட்சைப் பிடிக்கிறார், விடுகிறார் என்று அந்தத் தோளிலேயே எனக்குத் தெரியும். வண்டி ஓட்டத் தெரியாத காலத்திலேயே கிளட்ச் எனக்கு இப்படித்தான் பழக்கம்.

பிறகு அவர் மஸ்கட் போனார். தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். போகிற அன்று வண்டியைக் கழுவித் துடைத்து, மாட்டுக் கொட்டகையை ஒட்டி நிறுத்தி, பழைய வேட்டியால் மூடினார்.

"வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வையி. இல்லன்னா பேட்டரி போயிரும்" என்றார்.

வேறு என்னென்னவோ சொல்வார் என்று காத்திருந்தேன். பஸ் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வேட்டியை எடுத்துவிட்டு வண்டியை உதைப்பேன். சத்தம் கேட்டதும் மகள் எங்கிருந்தாலும் தவழ்ந்து, பிறகு நடந்து, பிறகு ஓடி வருவாள். அப்பா என்றால் அவளுக்குப் போனில் தெரிகிற முகமும் இந்தச் சத்தமும்தான். வண்டி சூடாகும்வரை இரண்டு பேரும் பக்கத்தில் நிற்போம். பெட்ரோல் வாடையும் சூடான இரும்பு வாடையும் கலந்து வரும். அவர் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது வருகிற வாடை அது. அதற்காகவே கொஞ்ச நேரம் கூடுதலாக ஓட விடுவேன்.

கண்மாய்க்குள் ஓட்டிப் பழகியது

எங்கள் மல்லிகைத் தோட்டம் கிணற்றை நம்பி இருப்பது. மொட்டாகப் பறித்து, வெயில் ஏறுவதற்குள் அருப்புக்கோட்டைச் சந்தையில் போட்டுவிட வேண்டும். அதுவரை ஊருக்குள் வந்து பூ எடுத்துக்கொண்டு போன லோடு வண்டி ஒரு நாள் நின்றுவிட்டது. முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவைச் சந்தையில் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

என் மாமியார்தான் ஆரம்பித்து வைத்தார்கள். எப்படியென்றால் ஒரே வாக்கியம். "கறுப்பு வண்டி ஒண்ணு சும்மாதானே நிக்கிது."

கோடையில் எங்கள் கண்மாய் வறண்டு, தரை வெடித்து, கல் மாதிரி கெட்டியாகக் கிடக்கும். சுற்றிலும் சீமைக்கருவேல். யாரும் பார்க்க மாட்டார்கள். அங்கேதான் பழகினேன். அத்தை கரைமேல் நின்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். எதை மெதுவாகச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியாது. முதல் கியரைப் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விடுவேன், வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளி நின்றுவிடும். விழுந்தேன். சைலன்சர் பட்டுக் கெண்டைக்காலில் ஒரு தழும்பு இன்றும் இருக்கிறது. ஒரு நாள் கண்ணை மூடி, அவர் தோளை நினைத்துக்கொண்டேன். அது எப்படி இறங்கும், எவ்வளவு நேரம் கழித்து எழும் என்று. அதே நேரக்கணக்கில் விரல்களை விரித்தேன். வண்டி பட்டுப்போல நகர்ந்தது.

அத்தையிடம் கேட்டேன். "அவுககிட்டச் சொல்லிரவா?"

"வேணாம்டி. அவன் அங்கிட்டு எம்மாம்பெரிய லாரி ஓட்டுறான். இதை நெனச்சுக்கிட்டே ஓட்டுனா நல்லதா?"

அதில் நியாயம் இருந்தது. அவருடைய சிநேகிதர் ஒருவர் அருப்புக்கோட்டை ரோட்டில்தான் லாரியில் மோதி இறந்தார். அதன் பிறகு அந்த ரோட்டில் யார் வண்டியில் போவதாகச் சொன்னாலும் அவர் முகம் மாறிவிடும். ஆக, போனில் அவர் "பூ எப்படிப் போகுது?" என்று கேட்கும்போதெல்லாம், "போகுது" என்பேன். அவர் யாருடனோ போகிறதென்று நினைத்துக்கொள்வார்.

கரி வாடை

அந்தக் கோடைக்கு வருகிறேன்.

முதலில் மாறியது லீவர். கிளட்ச் லீவரைப் பாதி விட்டதுமே வண்டி பிடித்துக் கிளம்பும். அந்தப் பங்குனியில் பாதிக்கு மேல் விட்டாலும் பிடிக்கவில்லை. பிறகு முக்கால். பிறகு விரல்கள் முழுக்க விரிந்து, இனி விட ஒன்றுமில்லை என்கிற இடத்தில்தான் வண்டி அரைமனதாக நகர்ந்தது. பெட்ரோலும் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தது. தட்டையான ரோட்டில் ஒன்றும் தெரியாது. கரையேத்தத்திலும், பஸ்ஸை முந்தப் பார்க்கும்போதும்தான் எஞ்சின் ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

கருகல் வாடையை மட்டும் நான் தப்பாக நினைத்துவிட்டேன். எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். கோடை முழுக்கக் காற்றில் அந்தப் புகை வாடை இருக்கும். கரையில் வந்த வாடையும் அதுதான் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசலில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தேன். அதே வாடை. சுற்றுமுற்றும் பார்த்தேன். டவுனுக்கு நடுவில் யார் கரி மூட்டம் போடப் போகிறார்கள்? குனிந்தேன். என் முழங்காலுக்குக் கீழே, எஞ்சினிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பாண்டியின் பட்டறை

பாளையம்பட்டியில் பாண்டி என்று ஒரு மெக்கானிக். என்னைவிட இளையவன், என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். நல்ல பையன். "அக்கா, அக்கா" என்று மரியாதையாகப் பேசுவான். நான் சொல்வதை மட்டும் கேட்க மாட்டான்.

"பாண்டி, கிளட்ச் பிளேட் போயிருச்சுன்னு நெனைக்கிறேன்."

"இருக்காதுக்கா. கார்பரேட்டர்ல அழுக்கா இருக்கும்."

கழற்றித் துடைத்துக் கொடுத்தான். மறுநாளும் கரை ஏறவில்லை. திரும்பப் போனேன். "செயின் லூசா இருக்குக்கா, அதான்" என்று செயினை மாற்றினான். மறுநாளும் ஏறவில்லை. பாதிப் பூவை இறக்கி அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அந்தப் பாதி அன்று முழுக்க வீட்டில் விரிந்து மணத்துக்கொண்டு கிடந்தது. மகள் தலையிலும் சாமி படத்திலும் வைத்தது போக, மீதியைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை.

மூன்றாம் தடவை போனபோது பாண்டி கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, எஞ்சினப் பிரிக்கணும்னா அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். அவுக வண்டி. பெறகு என்னைய ஏசக்கூடாதுல்ல" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் பூ போக வேண்டுமே. போனை எடுத்து அவருக்கு அடித்தேன். "பாண்டி உங்ககிட்டப் பேசணுங்கிறான். வண்டி விசயம்" என்று மட்டும் சொல்லி, அவன் கையில் கொடுத்தேன். கிளட்சைப் பிரிக்கச் சொல்வார், விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

பாண்டி ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, நல்லாருக்கீகளா? ஒண்ணுமில்லண்ணே, அக்கா தெனமும் பூ மூட்டையோட வாராகல்ல, கரையேத்தத்துல வண்டி இழுக்கலங்கிறாக."

அந்தப் பக்கம் லாரியின் எஞ்சின் மட்டும் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் வண்டியை அணைத்திருக்க வேண்டும்.

"யாரு ஓட்டிட்டு வாரா?"

"அக்காதாண்ணே." பாண்டி என்னைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"போன அவகிட்டக் குடு."

அவர் கேட்ட கேள்விகள்

வாங்கினேன்.

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

திட்டுவார் என்று நின்றேன். ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. பிறகு டிரைவர் குரலில், தள்ளி நின்று பேசுகிற மாதிரி கேட்டார்.

"லீவர் எங்க பிடிக்குது?"

"முழுசா விட்டாத்தான்."

"ஏத்தத்துல?"

"சத்தம் ஏறுது. வண்டி ஏறல."

"வாடை அடிக்குதா?"

"கரி வாடை."

"வண்டியில உக்காரு. போன டேங்கு மேல வையி. ஸ்டார்ட் பண்ணு. நாலாவது கியர்ல போடு. முன் பிரேக்க நல்லா அழுத்திப் பிடிச்சுக்க. கொஞ்சம் ரைஸ் பண்ணிக்கிட்டே கிளட்ச மெதுவா விடு. ஆஃப் ஆச்சுன்னா கிளட்ச் நல்லாருக்குன்னு அர்த்தம்."

செய்தேன். பட்டறையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டு லீவரை விட்டேன். விரல்கள் முழுக்க விரிந்துவிட்டன. வண்டி அணைய வேண்டும். அணையவில்லை. சக்கரம் நின்றது நின்றபடி இருக்க, எஞ்சின் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. கரி வாடை குப்பென்று எழுந்தது.

"போதும், அணைச்சிரு. கேட்டுச்சு" என்றார். "பாண்டிகிட்டச் சொல்லு, பிளேட் செட்டா மாத்தச் சொல்லு." கட் செய்துவிட்டார்.

பாண்டி எஞ்சினின் மூடியைக் கழற்றினான். தார் மாதிரி எண்ணெய் வடிந்தது. ஒவ்வொரு பிளேட்டாக எடுத்துச் சாக்கின் மேல் வைத்தான். சொரசொரப்பாக இருக்க வேண்டிய தக்கைப் பட்டை தேய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்கியது. நடுவில் வருகிற இரும்பு வட்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. "சாரிக்கா" என்றான். எதற்குச் சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை. பிளேட்டுகளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை.

பேசாத நாட்கள்

அன்று சாயங்காலம் கூப்பிட்டார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்பீக."

"வேணாம்னுதான் சொல்லிருப்பேன்."

"பூ போகணும்ல."

மகள் பின்னால் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் போல. பிறகு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நான் இங்க கண்ண மூடுனா, நீ வாசல்ல நிக்கிற. வண்டி வேட்டி மூடிக் கெடக்கு. அம்மா பூ கட்டிக்கிட்டு இருக்காக. அதத்தான் தெனமும் பாத்துக்கிட்டுப் படுப்பேன். நீ என்னடான்னா இத்தனை நாளா டவுனுக்குப் போயிட்டும் வந்துட்டும் இருந்திருக்க. அப்ப நான் பாத்துக்கிட்டு இருந்தது யாரு வீடு?"

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

அதன் பிறகு சில நாள் பேசவில்லை. "சாப்பிட்டாச்சா" என்று எழுதுவார். "ஆச்சு" என்று எழுதுவேன். வண்டி அருமையாக ஓடியது. கரையைத் தொட்டதும் ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்விடும். அத்தனை நாள் ஏங்கியது அதற்குத்தான். ஆனால் கரை உச்சியில் நின்று, கிழக்கே குண்டாற்றுப் பக்கம் வெளுக்கிற வானத்தைப் பார்ப்பேன். அவர் நினைத்துப் பார்க்கிற வீட்டில் இனி நான் எங்கே நிற்பேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அத்தைக்கு எல்லாம் தெரியும். ஒரு நாள் பூ பறித்துக்கொண்டே, "நான் சொல்லித்தானே மறைச்ச. நானே அவன்கிட்டப் பேசுறேன்" என்றார்கள். வேண்டாம் என்றேன். அவராக வர வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

பையில் போட்ட போன்

ஒரு காலை, மூட்டையைக் கட்டிவிட்டு வண்டியில் ஏறப் போகிறேன், போன் அடிக்கிறது. அங்கே இன்னும் விடிந்திருக்காது.

"கெளம்பிட்டியா?"

"கெளம்பப் போறேன். என்னங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. போன கட் பண்ணாத. பையில போட்டுக்க. நீ பாட்டுக்கு ஓட்டு."

"எதுக்கு?"

"சத்தம் கேக்கட்டும்."

தோளில் மாட்டுகிற துணிப்பையில் போட்டேன். வண்டியை உதைத்தேன். அவர் என்ன கேட்டார், எவ்வளவு கேட்டது என்று எனக்குத் தெரியாது. காற்றுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டிருக்கும். ஆனால் கரை ஏறி நிறுத்தி, போனைக் காதில் வைத்தபோது, "மூணாவதுலயே ஏறிட்ட. ரெண்டுக்கு மாத்தி ஏறு, பிளேட்டுக்கு நல்லது" என்றார்.

"கேக்குதா?"

"அது என் வண்டி. கேக்காம?" கொஞ்சம் பொறுத்து, "அங்கிட்டு என்ன சத்தம்?" என்றார்.

"மயிலு. கண்மாய்க்குள்ள கத்துது."

"இன்னும் கத்துதா அது" என்றார்.

அன்றிலிருந்து அவர் வேலைக்குக் கிளம்புகிற நேரமும் நான் சந்தைக்குக் கிளம்புகிற நேரமும் ஒன்றாயிற்று. கரையில் ஒரு நிமிஷம், திருச்சுழி ரோட்டில் வேப்ப மரத்தடியில் ஒரு நிமிஷம் நிறுத்திப் பேசுவேன். மற்ற நேரமெல்லாம் அவர் பையில் வருவார். சந்தைக்குள் நுழைந்ததும் ஏலக்காரர்களின் கூச்சலில் ஒன்றும் கேட்காது, அவரே கட் செய்துவிடுவார். போய் வாரேன் என்று நாங்கள் சொல்லிக்கொண்டதே இல்லை.

ஒரு நாள் வேப்ப மரத்தடியில் கேட்டேன். "அந்தப் பிளேட் படம் பாத்தீகளா? ஒண்ணுமே சொல்லல."

"பாத்தேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "பாதி நான் தேச்சது."

புது பிளேட்

அடுத்த வருஷம் விடுமுறையில் வந்தார். மதுரையில் இறங்கி, பஸ்ஸில் அருப்புக்கோட்டை வந்தார். கூட்டிவர நான் போனேன். அத்தையும் மகளும் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கயிறு கட்டிய பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். முன்நெற்றி ஏறியிருந்தது. வெயிலில் முகம் கறுத்து, கண்ணைச் சுற்றிச் சுருக்கம் விழுந்திருந்தது. போனில் தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் அதற்கு ஓர் உயரம் இருக்கிறது, ஓர் அகலம் இருக்கிறது என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. சாவியை நீட்டினேன்.

"குடு" என்று வாங்கி உட்கார்ந்தார். கியரைப் போட்டார். கிளட்சை விட்டார். வண்டி துள்ளி அணைந்தது.

"புது பிளேட்டு. வெடுக்குனு பிடிக்கும்" என்றேன்.

மறுபடி உதைத்தார். மறுபடி துள்ளியது. ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள். ஒருவர், "அண்ணே, அக்காகிட்டக் குடுங்க, அவுக ஓட்டுவாக" என்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், ஆட்டோக்காரரைப் பார்த்தார். சிரித்துவிட்டார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

"லாரி ஓட்டி ஓட்டி வெரலெல்லாம் மரத்துப்போச்சு. நீயே ஓட்டு."

பெட்டியை எனக்கு முன்னால் டேங்கின் மேல் வைத்துக் கட்டினார். பின்னால் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச தூரம் தொடையில் வைத்திருந்தார், பிறகு பின்கம்பியைப் பிடித்தார். டவுனைத் தாண்டியதும் என் தோளில் வைத்தார். மூட்டைகள் கனக்கும், ஆனால் மூச்சு விடாது. என் பின்கழுத்தில் சூடாக மூச்சு பட்டுக்கொண்டே வந்தது. கரையேத்தத்தில் ரெண்டாவது கியருக்கு மாற்றினேன். வண்டி கும்மென்று ஏறியது.

"ஏறுது" என்றார், காதுக்குள்.

அந்த விடுமுறையில் ஒரு காலை, "நீ படு, நான் போறேன்" என்று அவரே மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். நான் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்து கிளம்பியது. தெருமுனை தாண்டியது. கரை அடிவாரம். ஒரு கணம் சத்தம் தாழ்ந்தது, கியர் மாற்றுகிறார். ஏறியது. பிறகு தேய்ந்து தேய்ந்து மெயின் ரோட்டில் கரைந்தது. அவர் அத்தனை மாதம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போது புரிந்தது. அவர் ஊரில்தான் இருக்கிறார், வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவார். ஆனாலும் தலையணை நனைந்துவிட்டது.

திரும்பி வந்து, "சந்தையில அத்தனை பேரும் பார்வதி வரலையா, பார்வதி வரலையான்னுதான் கேக்குறாக. என்னைய ஒருத்தனும் யாருன்னு கேக்கல" என்று அத்தையிடம் முறையிட்டார். முறையீட்டில் பெருமையும் இருந்தது.

கையால் திருகியது

இங்கேயே இருந்துவிடுவாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் பேச்செடுக்கவில்லை. ஒரு நாள் மகள்தான் கேட்டாள். "அப்பா, நீ திரும்பப் போவியா?" ஒப்புக்கொண்ட காலம் இன்னும் முடியவில்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? "இன்னும் ஒரே ஒரு தடவத்தா" என்று மட்டும் சொன்னார்.

போகிற அன்றும் நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். மதுரை பஸ் இன்னும் வரவில்லை. பேச எவ்வளவோ இருந்தது. அவர் குனிந்து கிளட்ச் லீவரை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். திரும்ப அழுத்தினார். என் விரல்கள் குட்டை என்பதால் நான் கேபிளைக் கொஞ்சம் இறுக்கி வைத்திருந்தேன்.

"இம்புட்டு டைட்டா வச்சா மறுபடி தேஞ்சிரும். லேசா லூசு இருக்கணும்."

லீவரை ஒட்டி இருக்கிற அந்தச் சின்னத் திருகை விரலாலேயே திருகினார். அழுத்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் திருகினார். பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "மதுரை, மதுரை" என்று கத்தினார். அவர் திருகிக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, பஸ்ஸு."

"ம்" என்று பெட்டியைத் தூக்கினார். ஏறினார். சன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை போல, முகம் தெரியவில்லை.

திரும்பி வருகிறபோது லீவர் வேறு மாதிரி இருந்தது. பிடிக்கு மிக அருகே வந்த பிறகுதான் கிளட்ச் முழுக்க விடுபட்டது. ஒவ்வொரு கியருக்கும் குட்டை விரல்களால் எட்டிப் பிடித்து, லீவரைக் கடைசிவரை இழுக்க வேண்டியிருந்தது.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு முதல் காலை போன் வந்தது. கரை உச்சியில் நிறுத்தி எடுத்தேன்.

"வண்டி எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. கிளட்ச்தான் எட்டல. நீங்க உங்க கைக்கு வச்சுட்டுப் போயிட்டீக."

"அப்ப திரும்பத் திருகிக்க. கையாலயே வரும்."

"வேணாம்" என்றேன். "இருக்கட்டும். எட்டிப் பிடிச்சுக்கிறேன்."

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஆகவில்லை.

"சரி" என்றார் கடைசியில். "கெளம்பு. பூ வாடிரும்."